பிரைட்ஸ்மெய்ட் கவுன்: நானே பிடித்துத் தைக்கலாமா, டெய்லரிடம் கொடுத்துவிடலாமா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் தோழிக்கு சர்ச்சில் கல்யாணம், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஐந்து பிரைட்ஸ்மெய்ட் (மணப்பெண்ணோடு நிற்கும் தோழிகள்), ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி கவுன், ஆன்லைனில் வாங்கியது. மேலே ஷிஃபான், உள்ளே சாட்டின் லைனிங், கை கிடையாது. கேட்டவருக்கு மார்பில் இரண்டு இஞ்ச் லூஸ், நீளம் ஏழு இஞ்ச் கூடுதல். போதாததற்கு, கையில்லாத உடுப்போடு ஆல்டர் (சர்ச் பீடம்) பக்கம் வர வேண்டாம் என்று சர்ச் போதகரான ஐயர் சொல்லியிருக்கிறார். வீட்டில் அம்மாவின் பழைய உஷா மெஷின் உண்டு. தலையணை உறை தைத்திருக்கிறார், சேலைக்கு ஃபால்ஸ் வைத்திருக்கிறார். "நானே பார்த்துக்கொள்ளட்டுமா, டெய்லரிடம் கொடுக்கட்டுமா?" என்பதுதான் கேள்வி. கை வைக்கத் துணிக்கு எங்கே போவது என்றும் கேட்டிருக்கிறார்.

நான் தூத்துக்குடியில் இருபது வருடமாகப் பிளவுசும் கவுனும் தைப்பவள். என் பதில்: இடுப்புக்கு மேலே டெய்லர், இடுப்புக்குக் கீழே நீங்கள். இரண்டுக்கும் நடுவில் யாரும் நினைத்துப் பார்க்காத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்: தெருமுனையில் சேலைக்கு ஃபால்ஸ் வைத்து பிக்கோ போட்டுக் கொடுப்பவர். அவரிடம் பிறகு வருகிறேன்.

"தைக்கத் தெரியுமா, தெரியாதா" என்பதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். "தப்பாகப் போனால் பிரித்துத் திரும்பத் தைக்க முடியுமா" என்று கேளுங்கள். காட்டன் சுடிதாரில் தையல் கோணினால் பிரித்துவிட்டு ஒரு தடவை தண்ணீரில் நனைத்தால் ஊசி போன தடமே தெரியாது. சாட்டின் அப்படியில்லை, ஊசி போட்ட ஓட்டை நின்றுவிடும். ஷிஃபானில் ஓட்டை தெரியாது, ஆனால் பிரிக்கும்போது இழை இழுபட்டு ஒரு கோடு விழும். உங்கள் கவுனில் சாட்டின் உள்ளே ஒளிந்திருப்பது நல்லகாலம். வெளியே சாட்டினாக இருந்திருந்தால் குண்டூசி குத்துவதற்கே நான் யோசிக்கச் சொல்வேன். குத்தினாலும் தையலுக்கு உள்பக்கம் விட்டிருக்கும் துணியில்தான் குத்த வேண்டும்.

மேல்பாகத்தை ஏன் டெய்லரிடம் விடச் சொல்கிறேன்? இரண்டு இஞ்ச் லூஸ்தானே, இரண்டு பக்கமும் ஒரு ஓட்டு ஓட்டினால் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கணக்கு அங்கேதான் உதைக்கும். பக்கத் தையலில் முன்துணி, பின்துணி என்று இரண்டு துணி. தையலை ஒரு இஞ்ச் உள்ளே தள்ளினால் அந்த ஒரு பக்கத்திலேயே இரண்டு இஞ்ச் போய்விடும். மறுபக்கமும் தள்ளினால் மொத்தம் நான்கு. இரண்டு இஞ்ச் குறைய வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கமும் தையல் அரை இஞ்ச் மட்டும் நகர வேண்டும். இந்த ஒரு கணக்கில் தவறி, மூச்சுவிட முடியாத கவுனைக் கல்யாணத்துக்கு முதல்நாள் ராத்திரி என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்த பெண்களை எண்ண ஒரு கை விரல் போதாது. அவர்கள் தைத்தது கோணலே இல்லை, நேராகத்தான் தைத்திருந்தார்கள். துணியை வெட்டாமல் வைத்திருந்ததால் பிழைத்தார்கள்.

கணக்கு சரியாக வந்தாலும் அடுத்தது லைனிங். ஷிஃபானுக்குத் தனிப் பக்கத் தையல், லைனிங்குக்குத் தனிப் பக்கத் தையல். இரண்டும் பெரும்பாலும் கழுத்திலும் அக்குளிலும் ஜிப் ஓரத்திலும்தான் சேரும். ஒழுங்காகப் பிடிக்க வேண்டுமானால் அக்குளில் கொஞ்சம் பிரித்து, இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து, திரும்ப மூட வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தையலாக ஓட்டினால் உள்ளே கயிறு மாதிரி ஒரு தடிப்பு நிற்கும். போட்டோவில் அது அக்குளுக்குக் கீழே சுருக்கமாக விழும். ஜிப் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். முதுகில் இருந்தால் பக்கத் தையலில் தடையில்லை. இடது பக்கத்தில் இருந்தால் ஜிப்பையே கழற்றி மாட்ட வேண்டும். வெளியே தெரியாத அந்த மெல்லிய ஜிப்புக்கு மெஷினில் தனிப் பாதம் போட வேண்டும், அம்மாவின் பெட்டியில் அது இருக்காது.

இன்னொன்று கை. பக்கத்தில் பிடித்தால் அக்குள் வட்டம் சின்னதாகும், அதற்குப் பிறகுதான் கையை அளந்து வைக்க முடியும். ஆகவே பிடிப்பதும் கை வைப்பதும் ஒரே ஆளிடம் போவதுதான் சரி.

நம் ஊரில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. வெளிநாட்டில் கவுன் பிடிப்பதற்கென்றே தனிக் கடை தேடி, சில சமயம் கவுன் வாங்கிய விலைக்குப் பாதி கூலி கொடுக்கிறார்கள். அங்கே 'நானே தைக்கட்டுமா' என்ற கேள்வி காசை வைத்து வருவது. இங்கே உங்கள் பிளவுஸ் டெய்லரே மார்பு, டாட், அக்குள், ஷோல்டர் இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பிளவுசைவிட ஒட்டித் தைக்கும் உடுப்பு எது? கவுனின் மேல்பாகம் அவருக்கு ஒன்றுமேயில்லை. ஆனால் அதே டெய்லர் கவுனின் அடியைப் பார்த்தால் முகம் சுளிப்பார். மூன்று கெஜம் சுற்றளவுக்கு வழுக்கும் ஷிஃபானை மடித்து அடிப்பது நேரம் தின்னும் வேலை, அதற்கேற்ற கூலியைக் கேட்கவும் அவருக்குக் கூச்சமாக இருக்கும். அதனால் அடியைக் கடைசியில் அவசரமாக மடித்துத் தள்ளிவிடுவார்கள். நானும் முதலில் தள்ளியிருக்கிறேன்.

டெய்லரிடம் போகும்போது கவுனை உள்பக்கம் வெளியே திருப்பிக் காட்டுங்கள். "லைனிங்கைத் தனியாகப் பிரித்துப் பிடிப்பீர்களா, சேர்த்து அடித்துவிடுவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். "சேர்த்தே அடிச்சிரலாம், ஒண்ணும் தெரியாது" என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள். கல்யாணத்தன்று போடப்போகும் அதே உள்ளாடையோடு அளவு கொடுங்கள். பிடித்த பிறகு போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் விறைப்பாக நின்றால் போதாது. இரண்டு கையையும் தூக்குங்கள், குனியுங்கள், முழங்கால் போட்டு எழுந்திருங்கள். அன்றைக்கு மணப்பெண் தலையில் போடும் நெட்டைச் சரிசெய்வதும், சேலைக் கொசுவத்தைக் குனிந்து இழுத்துவிடுவதும் நீங்கள்தானே. பிடித்து மீதி வரும் துணியை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், உள்ளேயே கிடக்கட்டும். மூன்று வாரத்தில் உடம்பு இளைக்குமோ பெருக்குமோ, யார் கண்டது.

கைக்குத் துணி எங்கே என்று கேட்டிருந்தீர்கள். அதே நிறத்தில் கடையில் தேடி அலைய வேண்டாம். ரோஸில் ஆயிரம் ரோஸ் இருக்கிறது, கடை லைட்டில் ஒத்துப்போவது சர்ச் வெளிச்சத்தில் ஒத்துப்போகாது. துணி உங்கள் காலடியிலேயே கிடக்கிறது. அன்றைக்குப் போடும் செருப்போடு பார்த்தும் ஏழு இஞ்ச் கூடுதல் என்றால், அதில் ஐந்து இஞ்சை அடியிலிருந்து பட்டையாக வெட்டி எடுத்து, கவுனோடு சேர்த்து டெய்லரிடம் கொடுங்கள். அதில் தோளை மூடும் அளவுக்குச் சின்ன கேப் ஸ்லீவ் வந்துவிடும். ஷிஃபான் மெல்லிசாக இருந்தால் இரட்டையாக மடித்து வைக்கச் சொல்லுங்கள், பட்டை அவ்வளவு நீளம் இருக்கும். ஐயருக்கும் சமாதானம், நிறமும் அதே நிறம். ஏழையும் மொத்தமாக வெட்டிவிடாதீர்கள். ஷோல்டரை அரை இஞ்ச் தூக்கினால் அடியும் அரை இஞ்ச் தூக்கும். மேல்வேலை முழுக்க முடிந்த பிறகே அடியைக் கடைசியாக அளக்க வேண்டும். மீதி இரண்டு இஞ்ச் அதற்காகத்தான்.

இனி உங்கள் வேலை, அடி மடிப்பு. டெய்லரிடமிருந்து கவுன் வந்ததும் ஒரு ராத்திரி முழுக்க ஹேங்கரில் தொங்கவிடுங்கள். அகலமாக விரியும் பாவாடையில் சில இடத்தில் துணியின் இழை சாய்வாக விழுந்திருக்கும். அந்த இடம் தன் எடைக்குத் தானே இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். இறங்கிய பிறகு அளந்தால் அப்படியே நிற்கும். அளந்த பிறகு இறங்கினால் போட்டோவில் அலை அலையாகத் தெரியும்.

அடுத்தது செருப்பு. என் கடையில் நான் பண்ணிய முதல் பெரிய தப்பு இதுதான், அதனால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பீச் நிறத்தில் ஒரு கவுன். அந்தப் பெண் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தாள், நானும் அப்படியே தரையிலிருந்து அளந்து வெட்டிவிட்டேன். கல்யாணத்தன்று மூன்று இஞ்ச் ஹீல்ஸ் போட்டாள். கவுன் கணுக்காலுக்கு மேலே நின்றது, பள்ளிக்கூடத்துப் பாவாடை மாதிரி. அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவள் அம்மா சொன்னார்கள். அன்றிலிருந்து அன்றைக்குப் போடப்போகும் அதே செருப்பு கையில் இல்லாமல் நான் அடி அளப்பதில்லை. இன்னும் வாங்கவில்லையா? முதலில் போய் வாங்குங்கள், பிறகு ஊசியைத் தொடலாம்.

அளக்க இன்னொருவர் வேண்டும். நீங்களே குனிந்து பார்த்தால் முன்பக்கம் இறங்கி, பின்பக்கம் ஏறிவிடும். செருப்பைப் போட்டுக்கொண்டு, நேரே எதிர்ச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். அம்மாவையோ தங்கையையோ தரையில் உட்காரவைத்து, மர ஸ்கேலைத் தரையில் நட்டு, தரையிலிருந்து அரை இஞ்ச் மேலே சுற்றிலும் குண்டூசி குத்தச் சொல்லுங்கள். இடுப்பிலிருந்து கீழே அளக்கக் கூடாது. பலருக்கு இரண்டு இடுப்பும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. தரை மட்டும்தான் சமம்.

இங்கே ஐந்து பேர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேரும் ஐந்து ஊரில் ஐந்து விதமாக அடி மடித்துவிட்டு வந்தால், வரிசையாக நிற்கும்போது ஒருத்திக்குத் தரை கூட்டும், இன்னொருத்திக்குக் கால் தெரியும். நீளம் ஆளுக்கு ஆள் மாறலாம், தரையிலிருந்து இடைவெளி மாறக் கூடாது. முடிந்தால் ஐந்துக்கும் ஒரே ஆள் அளந்து குண்டூசி குத்தட்டும். முடியாவிட்டால் "அரை இஞ்ச்" என்று குரூப்பில் எழுதிப் போட்டுவிடுங்கள்.

குண்டூசிக் கோட்டிலிருந்து மூன்று நூல் கீழே விட்டு ஷிஃபானை வெட்டுங்கள். டெய்லர் பாஷையில் எட்டு நூல் ஒரு இஞ்ச். இனி இரண்டு வழி. மெஷினில் நீங்களே அடிப்பதானால் 16-ஆம் நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டு 9 அல்லது 11 புதிதாக மாட்டுங்கள். பழைய ஊசியின் முனை ஷிஃபானைக் குத்தாது, இழுக்கும். வெட்டிய ஓரத்திலிருந்து இரண்டு நூல் உள்ளே சுற்றிலும் ஒரு தையல் ஓட்டுங்கள். அந்தத் தையல் மேலேயே மடித்து, மடிப்பை ஒட்டி இன்னொரு தையல். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துணியைச் சின்னக் கத்தரியால் தையலை ஒட்டி நறுக்கிவிட்டு, இன்னொரு தடவை ஒரு நூல் மடித்துக் கடைசித் தையல். மூன்று சுற்று. கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் ஒரே தடவையில் மடித்து அடிக்கப் பார்த்தால் ஷிஃபான் கைக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும். துணியை மெஷின் பல் விழுங்கினால் அடியில் பட்டர் பேப்பர் வைத்து அடித்து, பிறகு கிழித்துவிடுங்கள். பழைய பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். முதலில் வெட்டிய துணியில் மிச்சம் இருக்குமே, அதில் ஒரு முழம் அடித்துப் பாருங்கள். கை நடுங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம், கவுனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அப்போதுதான் அந்த மூன்றாவது ஆள். பிக்கோ கடைக்காரர் ஷிஃபான், ஜார்ஜெட் சேலை ஓரத்தைக் காலையிலிருந்து ராத்திரிவரை அடிப்பவர். கவுன் டெய்லர் பயப்படும் துணி அவருக்குத் தினச் சோறு. அளப்பதும் வெட்டுவதும் நீங்கள், அடிப்பது அவர். அவரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நூல் இதே நிறம் வேண்டும், கையிலிருப்பதில் கிட்டத்தட்ட ஒன்றைப் போட்டுவிடக் கூடாது. துணியை இழுத்துப் பிடித்து ஓட்டவும் கூடாது. சேலை ஓரம் நேர் ஓரம், இழுத்தாலும் தாங்கும். கவுன் அடி வட்டம், இழுத்தால் கீரை இலை மாதிரி நெளிந்துவிடும். சிலருக்கு அந்த நெளிவு பிடிக்கும், அதற்கென்றே கேட்டு வாங்குவார்கள். ஐந்து பேரில் ஒருத்திக்கு மட்டும் நெளிந்தால்தான் சங்கடம். பிக்கோவுக்கு மூன்று நூல் தேவைப்படாது. எவ்வளவு விட வேண்டும் என்று அவரிடமே கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

லைனிங் சுலபம். ஷிஃபானைவிட ஒரு இஞ்ச் குட்டையாக இருக்கும்படி வெட்டி, சாதாரணமாக இரண்டு மடிப்பு மடித்து அடித்தால் போதும். வெளியே தெரியாத இடம், கொஞ்சம் கோணினாலும் கவலையில்லை. சமமாக வைத்தால்தான் நடக்கும்போது எட்டிப் பார்க்கும். இஸ்திரியில் மட்டும் கவனம். குறைந்த சூடு, மேலே காட்டன் துணி. பெட்டியில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சாட்டினில் தண்ணீர் சொட்டினால் வட்டமாகக் கறை நிற்கும். வெளியே இஸ்திரிக்குக் கொடுத்து, தைத்த வேலை முழுக்க ஐந்து நிமிடத்தில் பொசுங்கிப்போன கவுனையும் பார்த்திருக்கிறேன். வீட்டிலேயே தேயுங்கள்.

உங்கள் கவுன் வேறு துணியாக இருந்திருந்தால் பதிலும் மாறியிருக்கும். மேலே நெட் என்றால் அடி மடிக்கவே வேண்டாம், நூல் பிரியாது. நல்ல கத்தரியால் ஒரே சீராக வெட்டினால் போதும், முதல்தடவை தைப்பவர்கூடச் செய்யலாம். சீக்வன்ஸ், பாசி வேலை என்றால் தையல் வரும் இடத்திலிருக்கும் பாசியை ஒவ்வொன்றாக எடுத்த பிறகே ஊசி ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊசி முறிந்து கண்ணுக்குத் தெறிக்கும். அடியில் லேஸ் பார்டர் இருந்தால் லேஸை முழுசாகக் கழற்றி மேலே ஏற்றித் தைக்க வேண்டும். இந்த இரண்டையும் யோசிக்காமல் வெளியே கொடுத்துவிடுங்கள். மார்பில் எலும்பு மாதிரி பிளாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்த கவுன் என்றால் சாதாரண டெய்லரும் வேண்டாம், கவுனே தைக்கிறவராகப் பாருங்கள்.

உங்கள் தோழிகளில் யாருக்காவது லூஸுக்குப் பதில் டைட்டாக இருந்தால் அது தனிக்கதை. கடையில் ரெடிமேடாக வருவதில் உள்ளே அதிகத் துணி விடுவதில்லை, பிரித்து விட்டால் அரை இஞ்ச் கிடைப்பதே பெரிது. அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. முதுகு ஜிப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் துணியில் லூப் வைத்து, நடுவில் ஒரு துண்டுத் துணி கொடுத்து, பிளவுசில் நாட் கட்டுவதுபோல் கயிறு கோத்துவிடுவது. இரண்டு மூன்று இஞ்ச் தாராளமாகக் கிடைக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். நடுத் துண்டுக்கும் அடியில் வெட்டிய துணியே ஆகும். வீட்டில் செய்யும் வேலை இல்லை இது.

மூன்று வாரத்தை எப்படிப் பிரிப்பது? கவுன் மனசுக்குப் பிடிக்காமல் திருப்பி அனுப்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இன்றே முடிவு செய்யுங்கள். கத்தரி பட்ட உடுப்பை யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள். செருப்பு இந்த வாரமே. அடிப்பட்டையை வெட்டி, கவுனோடு டெய்லரிடம் கொடுப்பதும் இந்த வாரமே. தவக்காலம் முழுக்கக் கல்யாணம் இல்லாமல் கிடந்து, ஈஸ்டர் முடிந்ததும் எல்லாக் கல்யாணமும் மொத்தமாக வந்து குவியும். டிசம்பர் என்றால் எங்கள் பக்கம் கிறிஸ்துமஸ் தையலில் டெய்லர் தலை தூக்க மாட்டார். "நாளைக்கு வாங்க" என்ற சொல்லுக்கு அப்போது அர்த்தமே வேறு. அதனால் கல்யாணத் தேதியைச் சொல்லாதீர்கள், அதற்கு எட்டு நாள் முந்தைய தேதி ஒன்றைச் சொல்லிவையுங்கள். இதைச் சொல்வதற்காக என் தொழில்காரர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. இரண்டாவது வாரக் கடைசியில் கவுன் கைக்கு வர வேண்டும். ஒரு ராத்திரி தொங்கவிட்டு, அடுத்த நாள் அளந்து, பிக்கோவோ மெஷினோ அதற்கடுத்த நாள். கடைசி மூன்று நாள் கவுனைத் தொடக்கூடாது.

கூலி கடைக்குக் கடை மாறும். பேசும்போது பிடிப்பதற்கு இவ்வளவு, கை வைப்பதற்கு இவ்வளவு என்று பிரித்துப் பேசிக்கொள்ளுங்கள். "எல்லாம் சேர்த்துப் பார்த்துப் போட்டுக் குடுங்க" என்று விட்டால், ஐந்து கவுனுக்கும் முடிவில் வரும் தொகையைப் பார்த்து இரண்டு பேருக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும்.

கை வைத்ததுபோக மிஞ்சும் ஷிஃபான் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதே நிற நூல் கோத்த ஊசி ஒன்று, நாலு சேஃப்டி பின், இவற்றை அந்தத் துண்டிலேயே சுருட்டி அன்றைக்குக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சர்ச் படியில் ஏறும்போது ஹீல்ஸ் கவுன் அடியில் மாட்டுவது ஐந்து பேரில் ஒருத்திக்காவது நடக்கும். வழக்கமாக, போட்டோ எடுக்கக் கூப்பிட்டதும்தான் அதை அவள் கவனிப்பாள்.